மகாராஜாவுக்கு வலித்ததில்லை

நெடுங்கல் சமஸ்தானத்தில் ரணதீர மார்த்தாண்டத் துரைக்குப் பட்டம் சூட்டிய அன்று அவருக்கு வயது ஒன்பது, தகப்பனார் செத்துப் பதினாறாம் நாள், முகூர்த்தம் காலை ஒன்பதே காலிலிருந்து ஒன்பதே முக்கால் வரைக்கும்தான். அந்த வம்சத்து வழக்கப்படி புது ராஜா தன் வலது கட்டைவிரலைக் குலதெய்வத்தின் வாள்நுனியில் கீறி, அந்த ரத்தத்தால் தெய்வத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தலைப்பாகை. பூசாரி விரலைப் பிடித்துக் கீறினார். ரத்தம் வரவில்லை. வாள் மழுங்கியிருக்குமோ என்று ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார்கள், பழம் இரண்டாகப் போனது. மறுபடியும் கீறினார். சின்ன மகாராஜா யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் தன் விரலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தாதி வந்து, ராஜாவின் அக்காள், பதினொரு வயதுச் சௌந்தரவல்லி நாச்சியாருக்கு வலது கட்டைவிரலில் இரண்டு கீறல் விழுந்து பாவாடையெல்லாம் ரத்தமாக இருக்கிறது என்று திவானின் காதில் சொன்னாள்.

திவான் சிவசிதம்பரம் பிள்ளை காரியக்காரர், ஆச்சரியப்படுவதற்கு முகூர்த்தத்தில் நேரமில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு வெற்றிலையைத் தட்டிக்குப் பின்னால் அனுப்பினார், வெற்றிலையில் ரத்தம் வந்தது, பூசாரி அதை ராஜாவின் விரலில் தொட்டுவிட்டார், ராஜா அதைத் தெய்வத்தின் நெற்றியில் வைத்தார், மேளம் முழங்கியது, பீரங்கி வெடித்தது, ஒன்பது நாற்பதுக்கெல்லாம் நெடுங்கல்லுக்கு ராஜா கிடைத்துவிட்டார். அன்று மத்தியானப் பந்தியில் எட்டாயிரம் பேர் சாப்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் விரலுக்கு யாராவது துணி சுற்றினார்களா என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, பாயசத்தில் முந்திரி போதாது என்றுதான் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மகாராஜாவுக்கு வர வேண்டிய காயமும் நோவும் அக்காளுக்கு வந்தன. ஏன் வந்தன என்று நெடுங்கல்லில் யாரும் விசாரிக்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று யோசிக்கிற ஊர் இல்லை அது, யார் வயலில் முதலில் பெய்ய வேண்டும் என்று அடித்துக்கொள்கிற ஊர். மகாராஜா குட்டைக் குதிரையிலிருந்து விழுந்தார், அரண்மனையின் இன்னொரு கோடியில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த நாச்சியாரின் முழங்கை முறிந்தது. மகாராஜா மாங்காயைத் தின்று தீர்த்தார், நாச்சியாருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மகாராஜாவுக்கு அம்மை போட்ட வருஷம் அவர் மாடியில் நின்று பட்டம் விட்டுக்கொண்டிருந்தார், வேப்பிலைப் படுக்கையில் நாச்சியார் கிடந்தாள், ஊர்ப் பெண்கள் மகாராஜா பிழைத்ததற்காகக் கோயிலில் மாவிளக்கு ஏற்றிவிட்டு, வருகிற வழியில் நாச்சியாரையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்பம் மட்டும் வழி தவறி வந்ததே இல்லை, குதிரைமேல் காற்று முகத்தில் அடிக்கிற சுகமும் மாங்காயின் ருசியும் மகாராஜாவோடு நின்றுவிடும்.

திவான் அதற்கு ஒரு ஒழுங்கு செய்தார். டாக்டர் ஞானாபரணம் என்ற இளைஞரை மகாராஜாவின் அந்தரங்க வைத்தியராக நியமித்து, அவருக்கு நாச்சியாரின் பகுதியில் அறை ஒதுக்கினார். டாக்டர் முதல் நாள் மகாராஜாவின் நாடியைப் பிடித்துப் பார்க்கப் போனார், திவான் சிரித்துவிட்டு, அதெல்லாம் அந்தப் பக்கம் என்று கை காட்டினார். அதற்கப்புறம் தினமும் காலையில் அரண்மனை வாசலில் ஒரு அறிக்கை ஒட்டினார்கள். மகாராஜா பூரண சௌக்கியம், மகாராஜாவின் ஜுரம் நாச்சியாருக்கு நூற்று மூன்று டிகிரி என்று அதில் எழுதியிருக்கும். ஜனங்கள் முதல் வரியைப் படித்துவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள்.

மகாராஜா வளர்ந்தார், வலி தெரியாதவர் எப்படி வளர்வாரோ அப்படி வளர்ந்தார். பத்தொன்பது வயதில் ஈட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, மரத்தின்மேல் பரண் கட்டாமல், தரையில் நின்று புலியைக் குத்திக் கொன்றார். புலி அவர் மார்பில் கை வைத்தது என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்தார்கள், சட்டை கிழிந்திருந்தது, உள்ளே ஒரு கோடு இல்லை. சென்னைப் பத்திரிகைகள் படம் போட்டன. கவர்னர் பதக்கம் அனுப்பினார். இரண்டாவது புலி, மூன்றாவது புலி, எட்டாவது புலி என்று அது ஏறிக்கொண்டே போனது. நெடுங்கல்லில் பிறந்தவன் வெளியூர் போனால் ‘எங்க மகாராஜா’ என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான், ரயிலில் உட்கார இடம்கூட அப்படித்தான் கேட்டு வாங்குவான். சமஸ்தானத்துப் புலவர் ஒவ்வொரு புலிக்கும் நூறு பாட்டு எழுதினார், எழுதுவதற்கு முன்னால் நாச்சியாரின் அறைக்கு வந்து, தட்டிக்கு வெளியே நின்று, குருவம்மா என்ற பணிப்பெண்ணிடம் ஒரு நூலைக் கொடுத்து, நகக்கீறல் எத்தனை விரற்கடை நீளம் என்று அளந்து வரச் சொல்லுவார். பாட்டில் தப்பு வந்துவிடக் கூடாதல்லவா. மகாராஜா காயமே படவில்லை என்று பாடுகிற பாட்டுக்குக் காயத்தின் நீளம் எதற்கு என்று குருவம்மா ஒருநாள் கேட்டாள். படாத காயம் எவ்வளவு பெரியது என்று சொன்னால்தான் பெருமை என்றார் புலவர்.

நாச்சியார் அழகி. பக்கத்துச் சமஸ்தானத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். திவானுக்கு உடனே கவலை பிடித்துக்கொண்டது, பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் மகாராஜாவின் நோவும் அங்கே போகுமா, போகாமல் மகாராஜாவுக்கே வந்துவிடுமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நாச்சியாரை நாற்பது மைல் தள்ளி அத்தை வீட்டுக்கு அனுப்பி, சரியாகப் பத்து மணிக்கு மகாராஜாவின் தோளில் கோணூசியால் குத்தினார்கள். பத்தரைக்குத் தந்தி வந்தது: தோள், இடது, நல்ல ஆழம். திவான் அந்தத் தந்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சம்பந்தம் பேசலாம் என்றார். நிச்சயதார்த்தத்தன்று மகாராஜா வெளியே போலோ ஆடினார், எதிராளியின் மட்டை அவர் வாயில் பட்டது, உள்ளே மாப்பிள்ளை வீட்டார் எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்பல் இரண்டும் பாயசக் கிண்ணத்தில் விழுந்தன. மாப்பிள்ளையின் தாயார் கிண்ணத்தையும் பெண்ணையும் பார்த்தார். இன்னொருத்தர் வாழ்க்கை வந்து விழுகிற இடத்தில் எங்கள் பிள்ளைக்கு வாழ்க்கை எங்கே இருக்கப் போகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அந்த ஒரு அம்மாளுக்குத்தான் அந்தக் காலத்தில் மூளை இருந்தது, அவரும் வெளியூர். நெடுங்கல்லில் அன்று சாயங்காலம் வாண வேடிக்கை விட்டார்கள், நாச்சியார் ஊரைவிட்டுப் போகவில்லை என்ற சந்தோஷத்தில்.

மகாராஜா கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அக்காள்மேல் உயிர். ஒவ்வொரு காயத்துக்கும் காஷ்மீரத்திலிருந்து ஒரு சால்வை வரவழைத்துக் கொடுப்பார். ஒன்பதாவது புலிக்குப் பிறகு, தொடையில் பதினெட்டுத் தையலோடு நாச்சியார் படுத்திருந்தபோது, அவர் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வாரம்தான் அவர் ஒரு குடியானவனைத் தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கச் சொல்லியிருந்தார், அவன் கத்திய கத்தலைக் கேட்டு, என்னமாய் நடிக்கிறான் என்று நிஜமாகவே வியந்திருந்தார். நாச்சியார் அந்தச் செய்தியைக் குருவம்மா மூலம் கேள்விப்பட்டு, அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள்.

அவன் நடிக்கவில்லை என்று நாச்சியார் சொன்னாள். மகாராஜா அவள் தொடைக்கட்டைப் பார்த்தார்.

“வலின்னா எப்படி இருக்கும் அக்கா?”

“அது வந்துட்டா வேற எதுவும் இருக்காது தம்பி. புலி இருக்காது, நீ இருக்கமாட்டே, நானும் இருக்கமாட்டேன். அது மட்டும்தான் இருக்கும்.”

மகாராஜா கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டால் சுவாரசியமாகத்தான் இருக்கிறது என்றார். சால்வை மறுநாள் வந்தது, ஆகாய நீலம், ஓரத்தில் ஜரிகை. சாட்டை அடி நிற்கவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. மகாராஜா குடித்தார், தலைவலியை வைத்து அவர் நேற்று எந்தக் கிளப்பில் இருந்தார், குடித்தது விஸ்கியா பிராந்தியா என்று நாச்சியார் காலையில் சொல்லிவிடுவாள். மகாராஜா இனிப்பாகத் தின்றார், நாற்பது வயதில் நாச்சியாரின் வாயில் ஒரு பல் இல்லை, மகாராஜாவுக்கு முப்பத்திரண்டும் முத்துமுத்தாக இருந்தன. அவர் இரண்டு ராணிகளைக் கட்டினார், இரண்டு ராணிகளும் தங்கள் புருஷருக்குத் தலை நோகாமல் இருக்க அக்காளுக்கு ஆயுள் வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தார்கள். ஊரில் பெண்பிள்ளைகளுக்கு நாச்சியாரைப் போல் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பிரம்படி பட்ட பையன்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் தங்கச்சியின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், சிவந்திருக்காவிட்டால் அவள்மேல் கோபித்துக்கொள்வார்கள். நாச்சியார் தையல் போடக் கற்றுக்கொண்டாள், எலும்பு கட்டக் கற்றுக்கொண்டாள், டாக்டரின் புத்தகங்களை எல்லாம் படித்து முடித்தாள். தன் உடம்பில் எந்த வலி தன்னுடையது, எந்த வலி அவனுடையது என்று பிரித்துப் பார்க்க மட்டும் அவளுக்கு ஒழிந்ததே இல்லை.

பிறகு வெள்ளைக்காரன் போனான், சமஸ்தானங்கள் போயின, நெடுங்கல் ஒரு நகராட்சி ஆயிற்று. திவானின் மகன் அம்பலவாணம் பிள்ளை அதன் தலைவரானார். மகாராஜாவின் புகழ் போகவில்லை, சொல்லப்போனால் ஆட்சி போன பிறகு ஜனங்களுக்கு அவர்மேல் பாசம் கூடிவிட்டது, சாட்டையடி பட்டவர்களின் பிள்ளைகளே அவர் படத்தைக் கடையில் மாட்டினார்கள். அப்படி இருக்கும்போது அரசாங்கத்திலிருந்து மகாராஜாவுக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் உறையின் மேலேயே மகாராஜா நின்றுவிட்டார். உறையில் ‘திரு. ரணதீர மார்த்தாண்டத் துரை’ என்று இருந்தது. மகாராஜா என்ற சொல் இல்லை.

அந்தச் சொல்லைத் திரும்பத் தருகிறவரைக்கும் அன்னம் தொடுவதில்லை என்று மகாராஜா தேர்முட்டியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார், சாகும்வரை என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

டாக்டர் ஞானாபரணம் அன்று காலையிலேயே பந்தலுக்கு ஓடினார். அவருக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. யார் சாகும்வரை என்று மகாராஜாவின் காதோரம் கேட்டார். மகாராஜா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“அக்கா தாங்குவாங்க டாக்டர். அவங்க தாங்காதது எதுவும் இதுவரைக்கும் வந்ததில்லையே.”

நாச்சியாருக்கு முதல் நாள் வயிறு கிள்ளியது. மூன்றாம் நாள் கண் இருட்டியது. குருவம்மா வேளைக்கு வேளை சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், நாச்சியார் மூன்று வேளையும் சாப்பிட்டாள், சோறு தொண்டைக்குக் கீழே இறங்கிப் போன இடம் தெரியவில்லை. அவள் வயிற்றில் இருந்தது அவன் பசி, அதற்கு அவள் சோறு செல்லாது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார், அதுவும் செல்லவில்லை. ஏழாம் நாள் வளையல்கள் முழங்கைவரை ஏறிப் போயின. பத்தாம் நாள் அவளைப் புரட்டிப் படுக்க வைக்கக் குருவம்மா ஒருத்தியே போதும்.

தேர்முட்டியிலோ மகாராஜா பட்டு அங்கவஸ்திரமும் சந்தனமுமாகப் பளபளவென்று உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் இளைப்பில்லை, பத்தாம் நாள் குரல் கம்மவில்லை, பன்னிரண்டாம் நாள் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். இந்த அதிசயத்தைப் பார்க்கச் சிறப்புப் பேருந்து விட்டார்கள். எல்லோருக்கும் உண்மை தெரியும், நெடுங்கல்லில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், இருந்தாலும் நின்று கைகூப்பி, என்ன வைராக்கியம் என்று கண்ணீர் விட்டார்கள், விட்டுவிட்டுப் பந்தலுக்கு எதிரே வரிசையாக முளைத்திருந்த கடைகளில் பரோட்டா தின்றார்கள்.

பதினான்காம் நாள் காலையில் அம்பலவாணம் பிள்ளை நாலு பெரிய மனிதர்களோடு நாச்சியாரைப் பார்க்க வந்தார். மந்திரி இறங்கி வந்துவிட்டார் என்றும், பதினேழாம் நாள் சாயங்காலம் உத்தரவோடு நேரில் வருகிறார் என்றும் சொன்னார். அதுவரைக்கும் நாச்சியார் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஊர் மானம் நாச்சியாரின் கையில்தான் இருக்கிறது என்றார்.

கையை யாரும் பார்க்கவில்லை. அது போர்வைமேல் ஒரு காய்ந்த குச்சியைப் போலக் கிடந்தது. பதினேழாம் நாள் சாயங்காலம் நான் இருப்பேனா என்று நாச்சியார் கேட்டாள். ஐந்து பேரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். அம்பலவாணம் பிள்ளை மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நாச்சியாருக்கும் சிலை வைக்கிறதா தீர்மானம் போட்டிருக்கோம். மகாராஜா சிலைக்குப் பக்கத்திலேயே. கொஞ்சம் சின்னதா.”

நாச்சியார் சிரித்தாள். சத்தம் வரவில்லை, போர்வை மட்டும் ஆடியது. அது அழுகை என்று எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்கள்.

அவர்கள் போனதும் நாச்சியார் குருவம்மாவிடம் பச்சரிசி நொய்யில் கஞ்சி வைத்து, சுக்குத் தட்டிப் போட்டு, மோர் ஊற்றி, பெரிய தூக்குச்சட்டி நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னாள். டாக்டரிடம் ஜீப்பை எடுக்கச் சொன்னாள். எங்கே என்று டாக்டர் கேட்கவில்லை, அவர் நாற்பது வருஷமாக அவள் புண்களைப் பார்த்தவர். கயிற்றுக்கட்டிலோடு அவளைத் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தார்கள்.

தேர்முட்டியில் அன்று இருபதாயிரம் பேர். ஜீப் வந்ததும் கூட்டம் விலகி வழி விட்டது. கட்டிலைச் சுமந்து மேடையேற்றி, மகாராஜாவின் திண்டுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். இந்தப் பக்கம் பூசணிக்காய் போல் மகாராஜா, அந்தப் பக்கம் தோல் போர்த்திய ஒரு பிடி எலும்பு. ஒரு கணம் யாரும் பேசவில்லை. கூட்டத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று டாக்டர் நினைத்தாராம். அந்தக் கணம் முடிந்ததும் யாரோ ஒருவன், விரதம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று கோஷம் போட்டான், இருபதாயிரம் பேரும் மகாராஜா வாழ்க என்றார்கள், ஒரு ஆளுயர மாலை மகாராஜாவின் கழுத்தில் விழுந்தது.

மகாராஜா மாலைக்கு நடுவிலிருந்து அக்காளைப் பார்த்தார். அவர் பதினான்கு நாளாக அவளைப் பார்க்கவில்லை. இளைத்துவிட்டீர்களே என்றார். குருவம்மா நாச்சியாரைத் தூக்கித் தன்மேல் சாய்த்து உட்கார வைத்து, கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, கை நடுங்காமல் தானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“வாயைத் திற தம்பி.”

“அக்கா, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

“எனக்குப் பசிக்கலையே அக்கா.”

“தெரியும். எனக்குப் பசிக்குது. நீ சாப்பிடு.”

மகாராஜா உதட்டை இறுக்கிக்கொண்டார். பதினொரு புலிகளின் முன்னால் கண் இமைக்காதவர், அக்காளின் கிண்ணத்தின் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்பலவாணம் பிள்ளை மேடைக்கு ஏற வந்தார், டாக்டர் தன் ஊசிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் குறுக்கே உட்கார்ந்தார். நாச்சியார் இடது கையை நீட்டி, இரண்டு வயதுப் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி மகாராஜாவின் மூக்கைப் பிடித்தாள். அந்தக் கையில் பிடிப்பதற்குப் பலமே இல்லை, அவர் ஒரு ஊது ஊதியிருந்தால் விலகியிருக்கும். ஆனால் மூச்சு முட்டினால் தனக்கு ஒன்றும் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும் என்பது அவருக்கு அப்போது நினைவு வந்ததோ என்னவோ, அவளுடைய முகம் நீலம் பாரிப்பதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார். அவர் வாழ்நாளில் அக்காளுக்காகச் செய்தது அது ஒன்றுதான், அதையும் அவர் கடைசிவரை வெளியில் சொல்லவில்லை.

கஞ்சி உள்ளே போனது. அவர் ஒரு வாய் விழுங்கினார், நாச்சியாரின் வயிற்றில் சூடு இறங்கியது. இன்னொரு வாய் விழுங்கினார், அவள் கண் தெளிந்தது. இருபதாயிரம் பேர் பார்க்க, மகாராஜா விழுங்க விழுங்க, கட்டிலில் கிடந்தவளின் கன்னத்தில் ரத்தம் ஏறியது, சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள், மூன்றாவது கிண்ணத்துக்குத் தன் கையாலேயே கஞ்சியை ஊற்றினாள், தூக்குச்சட்டி காலியானபோது கட்டிலிலிருந்து இறங்கி நின்றாள். மகாராஜா மீசையில் ஒட்டியிருந்த மோரை நாக்கால் வழித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கே. இன்னும் இருக்கா?”

பேசுவதற்காக எதிரே வைத்திருந்த ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது. கூட்டத்தின் பின்வரிசையில் எவனோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு முன்னால் வந்தது. மத்தியானத்துக்குள் பரோட்டாக் கடைகளைப் பிரித்துவிட்டார்கள், மந்திரியின் பயணம் ரத்தாயிற்று, மகாராஜா என்ற சொல் போனது போனதுதான்.

நெடுங்கல் மகாராஜாவை மன்னித்துவிட்டது, பாவம் அவர் என்ன செய்வார் என்றது. நாச்சியாரை மன்னிக்கவில்லை. நாற்பது வருஷம் பொறுத்தவளுக்கு மூன்று நாள் பொறுக்க முடியவில்லையா, பெண்ணென்றால் புத்தி அவ்வளவுதான் என்று ஆண்களும் பெண்களும் பேசினார்கள். அவளுக்கு மனநிலை சரியில்லை என்று நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள், சின்னச் சிலைக்கான தீர்மானத்தை ரத்து செய்தார்கள். புலவரின் மகன், அவனும் புலவன், விரதம் முறித்த வேதனைமாலை என்று நூறு பாட்டு எழுதினான்.

நாச்சியார் குருவம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினாள். கீழமுனை என்ற கடற்கரைக் கிராமத்தில் டாக்டரின் உறவுக்காரர்கள் விட்டுப்போன ஒரு ஓட்டுவீடு இருந்தது. மகாராஜா கார்வரை வந்தார். வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

“அவ்வளவு தூரம் போனா வராதுல்ல அக்கா?”

“வரும். உன்னைப் பாக்க வேண்டியதில்லை, அது போதும்.”

கீழமுனையில் அவள் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். வலி வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் சிரிப்புக்குப் பயந்து மகாராஜா வெளியே எங்கும் போவதில்லை என்பதால் புலி வரவில்லை, சில்லறை நோவுகள் வந்தன, மூட்டுவலி, மூலம், பாதத்தில் ஆணி. கீழமுனைக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்தது. அவர்கள் பாட்டெழுதவில்லை, கும்பிடவில்லை. பக்கத்து வீட்டுச் சூசையம்மாள் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்து வருகிற வழியில் வாசலில் கூடையை இறக்கி, இன்றைக்குத் தம்பிக்கு என்ன என்று கேட்பாள். இடுப்பு என்று நாச்சியார் சொல்லுவாள். சூசையம்மாள் அந்தத் தம்பியையும் அவன் இடுப்பையும் அவனைப் பெற்றவர்களையும் நல்ல கெட்டவார்த்தையாகப் பொறுக்கி ஒரு ஐந்து நிமிஷம் திட்டுவாள். நாச்சியாருக்கு எந்தத் தைலமும் அவ்வளவு இதமாக இருந்ததில்லை.

அறுபத்து நான்காம் வயதில், ஒரு பங்குனி மாதத்துக் காலையில், நாச்சியார் கண் விழித்தபோது உடம்பில் எங்கும் வலிக்கவில்லை. முதலில் அது என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை. காலை மடக்கினாள், நீட்டினாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். வீடு முழுக்க யாரோ பேச்சை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. எழுந்துபோய்க் குருவம்மாவை எழுப்பி, தம்பி போய்விட்டான் என்றாள். தந்தி பத்து மணிக்குத்தான் வந்தது. மகாராஜா விடியற்காலையில் காப்பிக்குக் காத்திருந்த நாற்காலியிலேயே, ஒரு நோவும் இல்லாமல் போய்விட்டார் என்று அதில் இருந்தது. சாவு மட்டும் வலி இல்லையாதலால் அது அவருக்கே வந்து சேர்ந்தது.

பதினொன்றரைக்கு அம்பலவாணம் பிள்ளை காரில் வந்து இறங்கினார். நாலு மாவட்டத்துக் கூட்டம் வந்திருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், ஆனால் உடன்பிறந்தவள் வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழாமல் பிரேதத்தை எடுக்கிற வழக்கம் அந்த வம்சத்தில் இல்லை, நடந்ததையெல்லாம் ஊர் மறந்துவிட்டது, நாச்சியார் கிளம்ப வேண்டும் என்றார். சிலை விஷயத்தையும் மறுபடி பரிசீலிக்கலாம் என்றார்.

நாச்சியார் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“அவன் அழ வேண்டியதை எல்லாம் அம்பத்து மூணு வருஷமா நான்தான் அழுதிருக்கேன் பிள்ளை. இன்னிக்கு நீங்க அழுங்க. எப்படி இருக்கும்னு தெரியட்டும்.”

அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். குருவம்மா கதவைச் சாத்தினாள். நெடுங்கல்லில் கூலிக்கு இரண்டு பெண்களைப் பிடித்து அழவைத்து எடுத்தார்கள் என்றும், அவர்கள் நாச்சியாரைவிட நன்றாகவே அழுதார்கள் என்று ஊர் திருப்திப்பட்டது என்றும் டாக்டர் பிறகு எழுதியிருந்தார்.

கார் போன பிறகு நாச்சியார் பின்வாசல் வழியாக இறங்கினாள். உச்சி வெயில், கடற்கரையில் ஈ காக்கை இல்லை, மணல் வறுத்த அரிசி போல் கொதித்தது. அவள் வெறுங்காலோடு அதில் இறங்கி, அவசரப்படாமல், தண்ணீரைப் பார்த்து நடந்தாள். உள்ளங்கால் எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் அதைத் துடைக்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த சூசையம்மாள் அவளைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். காலெல்லாம் கொப்பளித்துவிடும், நில்லுங்கள் என்று கத்தினாள்.

நாச்சியார் நிற்கவில்லை.

“இருக்கட்டும் சூசை. என் காலுதானே.”